தவில்காரரின் விரல் ஏன் ஒடிகிறது? வீட்டு ஓவனில் சுடும் பொலிமர் களிமண் பொம்மைகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: வரும் நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு சின்ன மங்கல வாத்தியக் குழுவைப் பொலிமர் களிமண்ணில் செய்ய விரும்புகிறீர்கள். நாதஸ்வரக்காரர் இருவர், தவில்காரர் இருவர், தாளம் போடுபவர் ஒருவர். ஒவ்வொருவரும் ஆறேழு சென்ரிமீற்றர் உயரம். விரல்களும் தவில் கழியும் கை பட்டாலே ஒடிகின்றன. இன்னும் கொஞ்ச நேரம் சுட்டால் வெள்ளை வேட்டி பழுப்பேறிவிடுகிறது. கேக் சுடும் ஓவனையே இதற்கும் பயன்படுத்தலாமா, சுடும்போது வரும் மணம் பிள்ளைகளுக்குக் கெடுதலா, பேசாமல் காற்றில் உலரும் களிமண்ணுக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விரல் மெல்லியதாக இருப்பதால் ஒடிகிறது என்று நினைக்கிறீர்கள். அது வேகாததால் ஒடிகிறது. நன்றாக வெந்த பொலிமர் களிமண்ணில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டியை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்துவிட்டு மெல்லத் திரும்பி வரும். வேகாத பட்டி வளைக்கத் தொடங்கும்போதே பிஸ்கட் உடைவதுபோலப் பட்டென்று முறியும். வெளியே பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இறுகித்தான் இருக்கும். அதனால்தான் பலர் தங்கள் கைவேலையைக் குறை சொல்லிக்கொண்டு, விரல்களை மேலும் மேலும் தடிப்பாக்கி, கடைசியில் வாழைப்பழச் சீப்பு மாதிரி ஒரு கையைச் செய்துவைக்கிறார்கள். உங்கள் கை நன்றாகவே இருக்கிறது. திருத்த வேண்டியது சூட்டை.

இந்தக் களிமண்ணில் மண் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாய்கள் செய்யும் அதே பிவிசிதான் மிக நுண்ணிய துகள்களாக இதில் இருக்கிறது. அந்தத் துகள்களை இளக்கி வைத்திருக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தையும், நிறப்பொடியையும், நிரப்புப் பொருளையும் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். இதில் தண்ணீர் இல்லை, ஆகவே உலரவும் ஒன்றுமில்லை. சூடு ஏறும்போது ஒவ்வொரு துகளும் அந்தத் திரவத்தை உறிஞ்சி வீங்கி, பக்கத்துத் துகளோடு கலந்து ஒரே உடலாகிறது. குறைந்த சூட்டில் துகள்கள் ஓரங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றுவிடும். பொருள் இறுகிவிட்டது என்று நமக்குத் தோன்றும், ஆனால் உள்ளே இணைப்பு இருக்காது. விரல் முறிவது அந்த இடத்தில்தான்.

இனி ஓவன். சிறிய மேசை ஓவன்களின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 130 என்று திருகினால் உள்ளே 105 பாகையும் இருக்கலாம், 160 பாகையும் இருக்கலாம். போதாததற்கு, கம்பிகள் சிவந்து அணைந்து மறுபடி சிவக்கும்போது சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கேக் இதைத் தாங்கிக்கொள்ளும், பிவிசி தாங்காது. கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் ஓவனுக்குள்ளேயே வைக்கும் தனி வெப்பமானி கிடைக்கிறது. இந்த வேலைக்கென்று ஒரேயொரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள், கருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொம்மை எந்தத் தட்டில், எந்த உயரத்தில் இருக்கப்போகிறதோ அந்த இடத்திலேயே வெப்பமானியை வையுங்கள். ஓவனை வெறுமையாக இருபது நிமிடம் ஓடவிட்டு, திருகின் எந்த நிலையில் உள்ளே உங்களுக்கு வேண்டிய சூடு நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

வேண்டிய சூடு எவ்வளவு என்பது பக்கெட்டில் இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஃபிமோவுக்கு 110 பாகை செல்சியசில் 30 நிமிடம் என்று சொல்கிறார்கள். ஸ்கல்பி வகைகளில் பிரிமோவுக்கு 130 பாகை, ஒவ்வொரு 6 மில்லிமீற்றர் தடிப்புக்கும் 30 நிமிடம். செர்னிட்டுக்கு 110 முதல் 130 வரை. கேட்டோ 150 பாகை கேட்கும். இரண்டு வகைகளைக் கலந்து பிசைந்துவிட்டு எந்தச் சூட்டில் சுடுவது என்று திண்டாடுபவர்கள் உண்டு. தொடக்கத்தில் ஒரே வகையோடு நில்லுங்கள்.

வேட்டி பழுப்பேறுவதற்குக் காரணம் நேரம் என்று எண்ணி, சுடும் நேரத்தைக் குறைத்திருக்கிறீர்கள். அதனால்தான் விரல் ஒடிகிறது. சரியான சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தாலும் பொலிமர் களிமண்ணுக்கு ஒன்றும் ஆகாது, உறுதிதான் கூடும். நிறத்தைக் கெடுப்பது அளவு மீறிய சூடும், கம்பியிலிருந்து நேராக அடிக்கும் அனலும். வெள்ளை, ஒளி ஊடுருவும் வகை, வெளிர்ந்த தோல் நிறங்கள் ஆகியவைதான் முதலில் கருகும். ஆகவே சூட்டை வெப்பமானியால் கட்டுப்படுத்துங்கள், அனலை மூடியால் தடுங்கள், நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

மூடி என்றால் பெரிதாக எதுவுமில்லை. மிச்சமாகிப்போன ஒரு தரை ஓட்டை, அதாவது மினுக்கிய டைல் ஒன்றை, ஓவனின் நடுத்தட்டில் வையுங்கள். டைல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏற்ற இறக்கம் குறையும். அதன் மேல் ஒரு வெள்ளைக் கடதாசி. களிமண் நேராக டைலில் பட்டால் அந்த இடம் மட்டும் கண்ணாடியாக மினுங்கும், கடதாசி இருந்தால் அது வராது. பொம்மையின் மேல் அலுமினியத் தாளைக் கூடாரமாக வளைத்து, எங்கும் தொடாதபடி மூடுங்கள். சாப்பாடு கட்டும் இரண்டு அலுமினியத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து ஓரங்களைக் கவ்விவிட்டால் இன்னும் நல்லது. ஓவனை முன்கூட்டியே சூடாக்கிய பிறகு பொம்மையை வையுங்கள். சிறிய ஓவன்கள் தொடக்கத்தில்தான் எல்லை மீறிக் கொதிக்கும். உள்ளே வைத்ததும் வெப்பமானி சற்று இறங்கும், அது மீண்டும் ஏறிய பின்னரே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். முடிந்ததும் ஓவனை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்து, உள்ளேயே ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது நன்றாக வெந்த பொம்மையும் வளையும் தன்மையோடுதான் இருக்கும், அப்போது எடுத்து அமுக்கிப் பார்த்து வேகவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

நடுவில் மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருளில் கிடந்த நமக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. கதவைத் திறக்காமல் ஆறவிட்டு, மின்சாரம் வந்ததும் முழு நேரத்துக்கும் மறுபடி சுடுங்கள். பொலிமர் களிமண்ணை எத்தனை தடவையும் திரும்பச் சுடலாம். மைக்ரோவேவில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கேக் ஓவன் பற்றி: இந்தக் களிமண்ணோடு தொட்ட தட்டு, கத்தி, உருளைக் கட்டை எதுவும் பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. ஓவன் மட்டும், மேலே சொன்னபடி இரண்டு தட்டுகளுக்குள் அடைத்துச் சுட்டு, ஆறிய பின் உட்சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிட்டால், எப்போதாவது பயன்படுத்தலாம். அடிக்கடி செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு சிறிய ஓவனை இதற்கென்றே ஒதுக்குங்கள். பாவித்த ஓவன் போதும், சூடு நிலையாக நின்றால் சரி.

மணம் வேறு, புகை வேறு. சரியான சூட்டில் லேசான பிளாஸ்டிக் மணம் வரும். யன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டால் போய்விடும். பிவிசி கருகினால் வெளிவருவது ஐதரசன் குளோரைட்டு வாயு. கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. புகை கண்டால் ஓவனை அணையுங்கள், கதவைத் திறந்து பார்க்காதீர்கள், எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு அறையை விட்டு வெளியேறுங்கள். வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் சுடத் தொடங்கும் முன்பே கூட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள், பறவைகளின் நுரையீரல் இந்த வாயுக்களை நம்மைவிடக் குறைவாகத் தாங்கும். சுடும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்புவது இதில் சரிவராது.

காற்றில் உலரும் களிமண்ணுக்கு மாற வேண்டாம் என்பதே என் கருத்து. அது தண்ணீரை இழந்துதான் இறுகும். இழக்கும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். புரட்டாசி, ஐப்பசி மழையில் கொழும்புக் காற்றின் ஈரத்தில் அது உலர்ந்து முடியவே நாட்கள் எடுக்கும். சோளமாவும் வெள்ளைப் பசையும் கலந்து கிளறும் கலவை பூ இதழ்களுக்கு அழகானது, ஆனால் நம் ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மேடைப் படி, பின்னணித் தூண் போன்ற பெரிய சாமான்களுக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனம் தேவை. புறக்கோட்டைக் கடைகளில் ‘கிளே’ என்று கேட்டால் பிளாஸ்டிசினையும் தருவார்கள், பஞ்சுபோல் இலேசான நுரைக் களிமண்ணையும் தருவார்கள். பிளாஸ்டிசின் ஓவனில் உருகி ஓடிவிடும். பக்கெட்டில் சுடும் பாகை அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உங்களுக்கானதல்ல. பக்கெட்டை வெளியிலிருந்து அமுக்கியும் பாருங்கள். கல்லாகக் கிடந்தால் வெயில் பட்ட இடத்தில் இருந்து உள்ளேயே பாதி வெந்துவிட்டது என்று அர்த்தம். வகையிலும் வேறுபாடு உண்டு. ஸ்கல்பி மூன்று என்ற வகை பிள்ளைகள் பிசைய இதமானது, ஆனால் மெல்லிய உறுப்புகளில் நன்றாக வெந்த பிறகும் ஒடியும். விரல், கழி, குடுமி எல்லாம் செய்யும் உங்களுக்குப் பிரிமோ, செர்னிட், ஃபிமோ புரொஃபெஷனல் போன்றவைதான் பொருத்தம்.

கைக்குள் இளகிப்போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ஃபிமோ பிறந்த கதை இங்கே பொருந்தும்: ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குருசேயிடம் 1939இல் பொம்மைத் தலை செய்வதற்காக இப்படியொரு பொருள் வந்தது. அவருக்கு அது ஒத்துவரவில்லை, மகள் சோஃபி கையில் எடுத்துக்கொண்டார். வீட்டில் ‘ஃபிஃபி’ என்று அழைக்கப்பட்ட அவருடைய பெயரின் தொடக்கம்தான் ஃபிமோவின் தொடக்கம். 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொம்மைக்காகவே தோன்றிய பொருள், ஆனால் குளிர்நாட்டு அறையில் தோன்றியது. 31 பாகையில், வியர்த்த கையில், அது பிசுபிசுக்கத்தான் செய்யும். பிசைந்த களிமண்ணைத் தட்டையாக்கி இரண்டு வெள்ளைக் கடதாசிகளுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகமொன்றை ஏற்றி, சில மணி நேரம் விடுங்கள். கடதாசியில் எண்ணெய் வட்டம் தெரியும். அந்த அளவு திரவம் வெளியேறியதும் களிமண் இறுக்கமாகி, கீறிய கோடு கீறியபடியே நிற்கும். அதிகம் விட்டால் உதிரும், இடையிடையே எடுத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைப்பதும் உதவும். காற்றுப் புகாத உறையில் வைத்து, வெளியே எடுத்த பின்னும் அறைச் சூட்டுக்கு வரும்வரை உறையைத் திறக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் நீர் பூத்து, அந்த ஈரம் களிமண்ணுக்குள் போய், சுடும்போது குமிழியாக எழும்.

இனித் தவில்காரர். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்த அளவில் முகச்சாயலைத் துரத்தாதீர்கள். ஒரு தலை ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. அமர்ந்த நிலை, முதுகின் நிமிர்வு, இரு கைகளும் செய்யும் வெவ்வேறு வேலை ஆகியவைதான் தவில்காரரைத் தவில்காரராகக் காட்டும். வலது கையின் விரல்களில் கூடு எனப்படும் கடினமான உறைகளை மாட்டியிருப்பார், தவிலின் அகன்ற வலப்பக்க முகமான வலந்தலையை அந்த விரல்களால் அடிப்பார். இடது கையில் கழி. பலர் செய்யும் பொம்மைகளில் இரண்டு கைகளிலும் கழி இருக்கிறது, அல்லது தவிலின் இரண்டு முகங்களும் ஒரே அளவில் இருக்கின்றன. நம் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்த ஒருவர் வந்து கொலுவைப் பார்த்தால் அவர் கண் முதலில் போவது அங்கேதான்.

உடலை முழுக் களிமண் உருண்டையாகச் செய்ய வேண்டாம். அலுமினியத் தாளைக் கசக்கி, மேசையில் உருட்டி, கரண்டியின் முதுகால் தட்டி, வயிறும் மார்பும் உள்ள ஒரு கருவை உருவாக்குங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். அதன்மேல் நாலைந்து மில்லிமீற்றர் களிமண் போர்த்தினால் எல்லா இடமும் ஒரே சீராக வேகும், வெடிப்பும் வராது. போர்த்தும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே அடைபட்ட காற்றுத்தான் வெள்ளைப் பிறைகளாகத் தோலில் தெரியும். கைகளுக்குள் செப்புக் கம்பி வையுங்கள். பழைய மின்கம்பியை உரித்தால் மெல்லிய இழைகள் வரும், இரண்டை முறுக்கினால் ஒரு கை. வழவழப்பான கம்பியில் களிமண் ஒட்டாமல் சுழலும். கம்பியில் வெள்ளைப் பசையை மெல்லப் பூசிக் காயவிட்டால் அந்தச் சுழற்சி நின்றுவிடும்.

தோல் நிறம் எனக்கு முக்கியமான விஷயம். ‘தோல் நிறம்’ என்று பக்கெட்டில் விற்பது பெரும்பாலும் ஐரோப்பியத் தோலின் இளஞ்சிவப்பு. அதை வைத்து நம் ஊர்த் தவில்காரரைச் செய்தால் யாரோ வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். கடும் பழுப்பு இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, மஞ்சள் அரைப் பங்கு, சிவப்பு ஒரு மிளகளவு என்று தொடங்கிப் பிசையுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே நிறம் வேண்டாம். அடிப்படைக் கலவையில் கொஞ்சம் பழுப்போ மஞ்சளோ கூட்டி ஆளுக்கு ஆள் மாற்றினால்தான் குழு உயிர்பெறும். சூட்டில் நிறம் சற்று ஆழமாகும். ஆகவே ஒரு பொட்டளவு எடுத்து முதலில் சுட்டுப் பாருங்கள். தேவையைவிட அதிகமாகவே கலந்துவையுங்கள், தீர்ந்துபோன நிறத்தை மறுபடி அப்படியே கொண்டுவருவது எவராலும் ஆகாத காரியம்.

வேட்டிக்கான வெள்ளையை எல்லாவற்றுக்கும் முதலில், கழுவிய கையால் பிசையுங்கள். வெள்ளை எல்லா அழுக்கையும் இழுக்கும்; துவாயின் நூல், பூனை முடி, முந்திப் பிசைந்த கறுப்பு எல்லாம் அதில் வந்து சேரும். பிள்ளைகளுக்குப் பயன்படுத்தும் ஈரத் துடைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். வேட்டித் துணியின் தடிப்பு எங்கும் சமமாக வர, களிமண்ணின் இருபுறமும் காலாவதியான வங்கி அட்டை ஒவ்வொன்றை வைத்து, கண்ணாடிப் போத்தலால் உருட்டுங்கள். வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், போத்தல் அட்டைகளில் தட்டியதும் நிற்கும். இடுப்பில் சுற்றும்போது நேராக ஒட்டாமல், ஊசியின் முதுகால் மடிப்புகளைத் தள்ளித் தள்ளி அடுக்குங்கள். சம்மணமிட்ட முழங்காலில் துணி இறுகும், மடியில் தளர்ந்து குழியும். அந்த இரண்டும் சரியாக வந்தால் கரை வைக்காவிட்டாலும் வேட்டி வேட்டியாகத் தெரியும்.

கைரேகை பதிந்தால் கவலைப்படாதீர்கள். பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தூரிகையை நனைத்து மெல்லத் தடவினால் மறையும். அது முழுதாக ஆவியான பின்னரே ஓவனுக்குப் போக வேண்டும், அது எளிதில் தீப்பற்றும்.

இப்போது விரல். கையை முதலில் தட்டையான சிறு இலையாகச் செய்யுங்கள். பெருவிரலுக்கு ஒரு வெட்டு, மற்றவற்றுக்கு மூன்று வெட்டு, புதிய பிளேடால். பல்லுக்குச்சியால் ஒவ்வொரு விரலையும் மெல்ல உருட்டி விளிம்பின் கூர்மையை நீக்குங்கள். கூடு மாட்டிய விரல் என்பதால் நுனியில் வெள்ளைக் களிமண்ணில் கடுகளவு தொப்பி. இவ்வளவையும் பச்சையாகவே உடலில் பொருத்தி, பிறகு வேட்டியைத் திருத்தப் போனால் விரல் நசுங்கும். உடலையும் கால்களையும் முதலில் சுட்டுவிடுங்கள். தவிலைத் தனியே சுடுங்கள். பிறகு கைகளைப் பொருத்தி மூன்றாம் முறை சுடுங்கள். வெந்த பகுதியில் பச்சைக் களிமண் தானாக ஒட்டாது. அந்த இடத்தை ஊசியால் கீறி, திரவப் பொலிமர் களிமண் (போத்தலில் கூழாக விற்பது) ஒரு துளி வைத்து அமுக்கினால், சூட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும். கழியை உள்ளே கம்பி வைத்தே செய்யுங்கள். அல்லது உண்மையான மரக்குச்சியையே செதுக்கி வைக்கலாம், 130 பாகையில் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நாதஸ்வரத்துக்கும் அதே வழி. கண்களுக்குக் கண்ணாடி மணி ஓவனைத் தாங்கும், பிளாஸ்டிக் மணி உருகும்.

மெருகு பற்றி ஒரு சில வார்த்தைகள். வண்ணம் தீட்டுவதானால் அக்ரிலிக். மினுக்கம் வேண்டுமானால் நீர் சார்ந்த வார்னிஷ், தவில் உடலுக்கு மட்டும் போதும். நகப்பூச்சும் தெளிக்கும் வண்ணங்களும் நாளடைவில் பிசுபிசுக்கும், தூசி பிடிக்கும். மிஞ்சிய பச்சைக் களிமண்ணைப் பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள், தாள் திரவத்தை உறிஞ்சிவிடும். தெளிந்த கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளிலும் போடாதீர்கள், களிமண் அவற்றைத் தின்னும். அடியில் 5 என்ற முக்கோண அடையாளமுள்ள ஐஸ்கிரீம் டப்பாக்கள் பாதுகாப்பானவை. மெருகேற்றிய மேசையில் நேராக வைத்து வேலை செய்தால் மேசையின் வார்னிஷும் போகும்.

ஏற்கெனவே ஒடிந்து கிடக்கும் இரண்டு நாதஸ்வரக்காரர்களையும் எறிந்துவிடாதீர்கள். அவை பாதி வெந்தவைதான். கருகாதவரை மீட்கலாம். ஒடிந்த இடங்களில் திரவக் களிமண்ணைத் தடவி ஒட்டி, மடித்த கடதாசியால் முட்டுக் கொடுத்து, அலுமினியக் கூடாரத்துக்குள் வைத்து, வெப்பமானி காட்டும் சரியான சூட்டில் முழு 45 நிமிடம் சுடுங்கள். கூடவே அதே களிமண்ணில் ஒரு மில்லிமீற்றர் பட்டியொன்றையும் வையுங்கள். முற்றிலும் ஆறிய பிறகு அந்தப் பட்டியை வளைத்துப் பாருங்கள். முறிந்தால் சூட்டை ஐந்து பாகை கூட்டி, மறுபடி முழு நேரமும் சுடுங்கள். வளைந்தால் விரல்களும் வெந்துவிட்டன.